சொல்லிலும் கள்ள மரக்கால்!

“கூலியைப் பற்றிப் பேசுங்கள், கேட்டுக்கொள்கிறோம். எந்தப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறோம் என்பதெல்லாம் ஒரு பிரச்சினையா? சொல்லால் உங்களுக்கு என்ன குறைந்துவிட்டது?” என்று சில கனவான்கள் கேட்கிறார்கள்.

வேறு சிலரும் இருக்கிறார்கள். நல்ல மனது படைத்தவர்கள். “பாவம், உழைப்பாளியின் அருமை தெரியாமல் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள். எடுத்துச் சொன்னால் திருந்திவிடுவார்கள்” என்று அவர்கள் நமக்கு ஆறுதல் சொல்கிறார்கள்.

முதல் பேச்சு ஏமாற்று. இரண்டாவது பேச்சு ஏமாளித்தனம். சொல்லால் நமக்குக் கூலி குறைகிறது. அதுவும் கை தவறிக் குறையவில்லை. கணக்குப் பார்த்துக் குறைக்கப்படுகிறது. இதை நாம் புரிந்துகொள்ளாத வரை, சம்பளப் பேச்சுவார்த்தைக்கு உட்காருவதற்கு முன்பே பாதி தோற்றவர்களாகத்தான் இருப்போம்.

இரண்டு மரக்கால்

தஞ்சையில் நம் பாட்டன்மார் பட்ட கதையை நினைத்துப் பாருங்கள். மிராசுதார் வீட்டில் இரண்டு மரக்கால் இருக்கும். நெல்லை வாங்கும்போது பெரிய மரக்கால் வெளியே வரும். பண்ணையாளுக்குக் கூலி அளக்கும்போது சின்ன மரக்கால் வெளியே வரும். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். பண்ணையாள் வாய் திறந்து கேட்டால் என்ன பதில்? “ஒரு மரக்கால் என்று பேசினோம், ஒரு மரக்கால் அளந்தாயிற்று. போ!” சொல் குறையவில்லை, நெல் குறைந்தது!

1940-களில் பி. சீனிவாசராவ் போன்ற தோழர்கள் சேரிகளுக்குள் நுழைந்து செங்கொடிச் சங்கம் கட்டினார்கள். சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் முடிவு கட்ட வேண்டும் என்று அந்தச் சங்கம் போராடியது. கூடவே, முத்திரை மரக்காலில்தான் கூலி அளக்க வேண்டும் என்றும் கேட்டது. முதுகில் விழும் சவுக்கையும் மரக்காலில் நடக்கும் மோசடியையும் அந்தத் தோழர்கள் ஒன்றாகவே பார்த்தார்கள். எவ்வளவு தெளிவு! அந்தப் போராட்டத்தின் வேகத்தில்தான் 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

இன்று களத்தில் அந்த மரக்கால் இல்லை. ஆனால் கள்ள அளவு ஒழிந்துவிட்டதா? இல்லை, தோழர்களே! அது களத்தைவிட்டு மில் ஆபீஸுக்குள் புகுந்தது. சர்க்கார் ஏட்டுக்குள் புகுந்தது. மேஸ்திரியின் வாய்க்குள் புகுந்தது. மரத்தால் செய்த மரக்கால் போய், சொல்லால் செய்த மரக்கால் வந்திருக்கிறது.

‘வெறும்’, ‘தானே’

ஒரு வேலையின் மதிப்பை அடித்துப்போட நம் தமிழில் பெரிய வசை எதுவும் தேவையில்லை. முன்னால் ஒரு ‘வெறும்’, பின்னால் ஒரு ‘தானே’ போதும். “வெறும் நடவு வேலைதானே!” “வெறும் கூட்டிப் பெருக்குகிற வேலைதானே!” “பொம்பளை செய்கிற வேலைதானே!” இந்த இரண்டு சின்னச் சொற்கள் வாயிலிருந்து விழுந்தால், கூடவே கூலியிலிருந்தும் ரூபாய் விழும்.

மேஸ்திரி ‘வெறும்’ என்று சொல்வதைத்தான் அதிகாரி ‘திறனற்ற தொழிலாளி’ என்று எழுதுகிறார். மில்லில் அதையே ‘அன்ஸ்கில்ட்’ என்கிறார்கள். 2005-ல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம் இடதுசாரிகள் உள்ளேயும் வெளியேயும் போராடிப் பெற்ற சட்டம். அந்தச் சட்டத்திலும் மண் வெட்டும் வேலைக்குத் ‘திறன் தேவைப்படாத உடலுழைப்பு’ என்றுதான் பெயர் இருந்தது. 2019-ல் இயற்றி 2025 நவம்பர் 21-ல் அமலுக்குக் கொண்டுவந்த கூலித் தொகுப்புச் சட்டமும் தொழிலாளிகளைத் திறனற்றவர், பாதித் திறனுள்ளவர், திறனுள்ளவர், மிகுதிறனுள்ளவர் என்றுதான் பிரித்து வைக்கிறது. எந்தப் பெட்டியில் போடுகிறார்களோ அந்தப் பெட்டியின் விலைதான் நம் விலை.

நாம் கேட்கிறோம்: நடவுக்குத் திறன் வேண்டாமா?

நாற்றை வேர் அறுபடாமல் பறிக்க வேண்டும். சேறு கழுவி முடி கட்ட வேண்டும். குனிந்த இடுப்போடு பின்னால் நகர்ந்துகொண்டே, இடது கையிலிருக்கும் முடியிலிருந்து இரண்டு மூன்று நாற்றைக் கண்ணால் பார்க்காமல் விரலாலேயே பிரித்தெடுக்க வேண்டும். வேர் மடங்காமல் சேற்றில் ஊன்ற வேண்டும். ஆழ ஊன்றினால் தூர் கட்டாது. மேலாக ஊன்றினால் தண்ணீரில் மிதக்கும். நெருக்கி நட்டால் காற்றோட்டம் இன்றிப் பூச்சி அடையும். கலக்கி நட்டால் களைதான் மண்டும். இவ்வளவையும் ஒரு கணத்தில் விரல் தீர்மானிக்கிறது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை தீர்மானிக்கிறது. இதைத் ‘திறனற்ற வேலை’ என்று எழுதிய பேனா ஒரு நாளாவது சேற்றில் இறங்கியிருக்குமா?

மில்லுக்குள் வாருங்கள். ஸ்பின்னிங்கில் கதிர்கள் நிமிடத்துக்குப் பதினையாயிரம் சுற்றுக்கும் மேல் சுழல்கின்றன. ஒரு இழை அறுகிறது. நூற்றுக்கணக்கான கதிர்களுக்கு நடுவே அது எது என்று கண் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஒரு கதிரை மட்டும் நிறுத்தி, நூலின் நுனியைத் தேடி எடுத்து, டிராவலரில் கோத்து, மேலே உருளையிலிருந்து வரும் பஞ்சிழையோடு ஒட்டவேண்டும். எல்லாம் சில விநாடிகளில்! பக்கத்துக் கதிர்கள் நிற்பதில்லை. பஞ்சுத் தூசி மூக்கிலும் நெஞ்சிலும் இறங்கிக்கொண்டிருக்கும். சற்றுத் தடித்து ஒட்டினால் நூல் கெடும். தாமதித்தால் பஞ்சு வீணாகும். இந்தக் கைக்கு விலை சொல்லும்போது ‘அன்ஸ்கில்ட்’!

கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் இன்னொரு தந்திரம் செய்தார்கள். ஏழைப் பெண்பிள்ளைகளை அழைத்து வந்து விடுதியில் அடைத்தார்கள். ‘அப்ரண்டிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டினார்கள். நடுவில் உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போனால் அந்தப் பணம் கைக்கு வராது. இதற்கு வைத்த பெயர் ‘சுமங்கலித் திட்டம்’! சில மாதங்களில் கற்றுக்கொள்ளும் வேலைக்கு மூன்று வருஷப் பயிற்சி எதற்கு? முழுத் தொழிலாளியின் வேலையை வாங்கிக்கொண்டு பயிற்சிக்காரியின் கூலி கொடுப்பதற்குத்தான்.

தெரியாமல் செய்த தவறா?

ஆறுதல் சொல்லும் நல்லவர்களுக்கு இப்போது பதில் சொல்வோம். முதலாளிக்கு நம் மதிப்பு தெரியாதா? நன்றாகத் தெரியும்! நம்மைவிட அவனுக்குத்தான் அது பைசா சுத்தமாகத் தெரியும்.

1865-ல் தொழிலாளர்கள் முன்னால் பேசும்போது காரல் மார்க்ஸ் இந்த ரகசியத்தை உடைத்துக் காட்டினார். முதலாளி நம் உழைப்புக்கு விலை கொடுப்பதில்லை. நாம் நாளை மறுபடியும் வேலைக்கு வரத் தேவையான சோற்றுக்கும் துணிக்கும்தான் விலை கொடுக்கிறான். எட்டு மணி நேர வேலையில் நம் கூலிக்கு ஈடான மதிப்பை மூன்று மணி நேரத்தில் நாம் உண்டாக்கிவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஐந்து மணி நேரம்? அதுதான் உபரி மதிப்பு. அதுதான் லாபம். அந்த ஐந்தை ஆறாக்க வேண்டுமானால் கூலியைக் குறைக்க வேண்டும். கூலியைக் குறைக்க வேண்டுமானால் ஆள் மட்டமானவன் என்று சொல்ல வேண்டும். ஆகவே ‘திறனற்றவன்’ என்ற சொல் அறியாமையில் பிறந்த சொல் அல்ல. அது லாபக் கணக்கின் முதல் வரி!

சந்தேகம் இருந்தால் ஒரு வேலைநிறுத்தத்தை எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை “நீ போனால் நூறு பேர் வருவான்” என்று பேசிய அதே வாய், மறுநாள் பத்திரிகைக்காரர்களிடம் “ஒரு நாளைக்கு இத்தனை கோடி நஷ்டம்” என்று புலம்புகிறது. வேலை செய்த நாளில் நமக்கு மதிப்பே இல்லை. கையைக் கட்டி நின்ற நாளில் மட்டும் கோடிக் கணக்கில் மதிப்பு வந்துவிடுகிறதாம்! இந்தக் கோடிகளை நேற்றுவரை உண்டாக்கியது யார்?

1908-ல் தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளிகள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க வேலையை நிறுத்தினார்கள். அவர்களை வெள்ளை முதலாளிகள் இளக்காரமாகத்தான் நினைத்தார்கள். ஒன்பது நாளில் இறங்கி வந்தார்கள். கூலியும் உயர்ந்தது, ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது. ஒன்பது நாளில் தொழிலாளிக்குப் புதிதாகத் திறன் முளைத்ததா? இல்லை. கள்ள மரக்கால் உடைந்தது.

2020-ஐயும் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஊரடங்கில் புலம்பெயர்ந்த தொழிலாளிகள் சோறின்றி, வண்டியின்றி நெடுஞ்சாலையில் நடந்தார்கள். ஜூன் மாதம் பஞ்சாபில் நடவுக் காலம் வந்தது. அப்போது என்ன நடந்தது? ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பீகாருக்குப் பஸ் அனுப்பி நடவாட்களை அழைத்து வந்தார்கள். ஏக்கருக்கு நடவுக் கூலியும் ஏறியது. பஞ்சாப் விவசாயிகளைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. அதே ஆண்டு டில்லி எல்லையில் வீரப் போர் தொடங்கியவர்கள் அவர்கள். நாம் கேட்பது இதுதான்: யார் வேண்டுமானாலும் செய்துவிடக்கூடிய ‘திறனற்ற’ வேலைக்கு ஏன் இவ்வளவு தூரம் பஸ் போக வேண்டும்?

புகழ்ச்சியும் கள்ள அளவுதான்

ஏசினால்தான் மோசம் என்று எண்ணிவிடக் கூடாது. பசப்பிப் பேசியும் கூலியைக் குறைக்கலாம். இன்றைய ஆளும் கூட்டம் இந்த வித்தையில் தேர்ந்தது.

‘மதிப்பூதியம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. கேட்கக் காதுக்கு இனிமை. ஊதியத்தோடு மதிப்பும் சேர்ந்து வருகிறது என்று நினைப்போம். அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. நம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, எடை பார்த்து, எழுத்துச் சொல்லித்தரும் அந்தப் பெண்களுக்கு மத்திய சர்க்கார் கொடுப்பது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். 2018-ல் உயர்த்தி நிர்ணயித்த தொகை ஊழியருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநில சர்க்கார்கள் தம் பங்கைச் சேர்ப்பது வேறு கணக்கு. மத்திய சர்க்காரின் தராசில் ஊழியரின் ஒரு நாள் 150 ரூபாய். உதவியாளரின் ஒரு நாள் 75 ரூபாய்! சொல்லில் மதிப்பை ஏற்றினார்கள். கையில் ஊதியத்தை இறக்கினார்கள்.

இவர்களைத் தொழிலாளர்களாக ஏற்றுக் குறைந்தபட்சக் கூலி கொடுக்க வேண்டும் என்று 2013-ல் கூடிய 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாடே பரிந்துரை செய்தது. சர்க்கார் பிரதிநிதிகளும் முதலாளிகளும் உட்கார்ந்திருந்த மாநாடு அது. ஆனாலும் ஏட்டோடு நின்றது. குஜராத் அங்கன்வாடிப் பெண்கள் கிராஜுவிட்டி கேட்டு வழக்காடினார்கள். “இது மதிப்பூதியம், கூலி அல்ல, ஆகவே கிராஜுவிட்டி இல்லை” என்ற வாதம் அவர்களுக்கு எதிராக வைக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் அந்த வாதத்தை நிராகரித்தது. மதிப்பூதியமும் கூலிதான் என்று கூறிக் கிராஜுவிட்டிக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. சொல்லால் என்ன குறைந்துவிடும் என்று கேட்ட கனவான்களே, பார்த்தீர்களா? ஒரு சொல்லை வைத்து ஆயுள் முழுவதும் உழைத்த பெண்ணின் கிராஜுவிட்டியையே பறிக்கப் பார்த்தார்கள்!

2020 மார்ச் 22 மாலை தட்டுத் தட்டினார்கள், கை தட்டினார்கள். ‘முன்களப் போர்வீரர்’ என்றார்கள். வீடு வீடாக ஏறி இறங்கிய ஆஷா ஊழியருக்கு அந்தப் போருக்காக மத்திய சர்க்கார் கொடுத்த கூடுதல் தொகை மாதம் 1,000 ரூபாய். தட்டின் ஓசை பெரிது. தட்டில் விழுந்தது சிறிது.

அதே 2020-ல் தமிழ்நாட்டில் துப்புரவுத் தொழிலாளிக்குத் ‘தூய்மைப் பணியாளர்’ என்று பெயர் மாற்றினார்கள். மரியாதையான பெயரை நாம் மறுக்கவில்லை. ஆனால் 2025 ஆகஸ்டில் என்ன நடந்தது? சென்னையில் இரண்டு மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து அதே தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். அவர்களை நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. பெயரில் தூய்மை, வேலையில் கான்ட்ராக்ட், நியாயம் கேட்டால் போலீஸ் வண்டி.

நம் பிள்ளைகளில் பலர் இன்று மோட்டார் சைக்கிளில் சோற்றுப் பொட்டலம் கொண்டு ஓடுகிறார்கள். அவர்களுக்குக் கம்பெனி வைத்திருக்கும் பெயர் ‘பார்ட்னர்’. பங்காளியாம்! பங்காளி என்றால் லாபத்தில் பங்கு எங்கே? விபத்தில் கால் உடைந்தால் அதில் மட்டும் முழுப் பங்கும் பையனுக்கே. அவனைத் தொழிலாளி என்று சொன்னால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கொடுக்க வேண்டும், பங்காளி என்று சொன்னால் அவை இரண்டும் வேண்டாம். அவ்வளவுதான் சங்கதி.

சொல் உயிரையும் எடுக்கும்

1960-களில் கீழத்தஞ்சையில் மிராசுதார்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். அதற்கு என்ன பெயர் தெரியுமா? ‘நெல் உற்பத்தியாளர் சங்கம்’! உழுதவன் பண்ணையாள், நட்டவள் கூலிக்காரி, அறுத்தவன் ஆள், சேற்றில் கால் வைக்காதவன் உற்பத்தியாளன்! இதைவிடப் பெரிய கள்ள மரக்கால் உலகத்தில் உண்டா?

அந்த ‘உற்பத்தியாளர்’களிடம் கீழ்வெண்மணித் தொழிலாளிகள் கூடுதலாகக் கேட்டது அரைப்படி நெல். செங்கொடியை இறக்கச் சொன்னார்கள்; அவர்கள் இறக்க மறுத்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. ஏராளமான நிலமுள்ள பணக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பதும் அந்தத் தீர்ப்பில் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஒரு தட்டில் ஒரு கார். மறு தட்டில் 44 உயிர். எந்தத் தட்டு தாழ்ந்தது என்று நாடு பார்த்தது. மனிதரின் மதிப்பைச் சொத்தைக் கொண்டு அளந்தால் முடிவு இதுதான். இதற்குப் பிறகும் சொல்லால் என்ன என்று நம்மிடம் கேட்கலாமா?

நம் வீட்டில் இருக்கும் மரக்கால்

தோழர்களே! எதிரியைச் சாடிவிட்டு எழுந்துபோனால் போதாது. நம் வீட்டு மூலையிலும் சின்ன மரக்கால் ஒன்று இருக்கிறது. அதையும் வெளியே எடுத்துப் பார்ப்போம்.

“உன் பெண்சாதி என்ன செய்கிறாள்?” என்று கேட்டால், “சும்மாதான் இருக்கிறாள்” என்று சொல்கிறோம். விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பிள்ளையை அனுப்பி, மாட்டைப் பார்த்து, இரவு கடைசியாகப் படுப்பவள் ‘சும்மா’ இருக்கிறாளாம்! அவளே களத்துக்கு வந்தால் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி. சமவேலைக்குச் சமகூலி என்று 1976-லேயே சட்டம் வந்தது. இன்றும் பல ஊர்களில் கூலி பேசும்போது இந்த வித்தியாசத்தை நாமே ஒப்புக்கொள்கிறோம். ‘பொம்பளை ஆள்’ என்று நாம் சொன்ன சொல்லைத்தான் மிராசுதார் கணக்கில் எழுதிக்கொள்கிறான்.

வடக்கேயிருந்து வந்து நம் பக்கத்து மிஷினில் நிற்கும் தொழிலாளியை ‘வடக்கன்’ என்று எள்ளிப் பேசுகிறோம். 2023 மார்ச்சில் அவர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்களைப் பரப்பினார்கள். அவர்கள் ஊருக்குக் கிளம்பியதும் பதறியவர்கள் மில் முதலாளிகள். அவன் மதிப்பு முதலாளிக்குத் தெரிந்திருக்கிறது; நமக்குத்தான் தெரியவில்லை! நம் ஜனங்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனபோது துரைமார் அவர்களை என்ன சொன்னார்கள்? வேலைக்குத் தரும் ஊதியத்தின் பெயர் தமிழில் கூலி. அதையே மனிதனின் பெயராக்கினார்கள். மலைகளைத் தேயிலையாக்கிய அந்த மக்களை 1948-ல் நாடற்றவர்களாக்கினார்கள். 1964-ல் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மூட்டை பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். அந்தப் புண் ஆறாத நாம் இன்னொருவனை அதே சொல்லால் குத்தலாமா?

சேரித் தோழனை ஊர்த் தோழன் ஒரு படி கீழே வைத்துப் பேசுகிற பேச்சும் இதில் சேர்ந்ததுதான். பர்மனென்ட் தொழிலாளி கான்ட்ராக்ட் தொழிலாளியை ‘அவன் லேபர்தானே’ என்று சொல்வதும் இதில் சேர்ந்ததுதான். நாம் ஒருவரை ஒருவர் குறைத்து அளக்கும் ஒவ்வொரு மரக்காலிலும் மிஞ்சும் நெல் முதலாளி வீட்டுக் குதிருக்குத்தான் போகிறது.

எல்லாவற்றையும்விடக் கொடியது ஒன்று உண்டு. “நான் வெறும் கூலிக்காரன்தானே, எனக்கு என்ன தெரியும்?” என்று நாமே நம்மைச் சொல்லிக்கொள்வது. தன்னையே கள்ள மரக்காலில் அளந்துகொண்டவனுக்கு முதலாளி புதிதாக ஒன்றும் குறைக்க வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்?

முதலாவது, கூலிப் பேச்சுவார்த்தையில் ‘அன்ஸ்கில்ட்’ என்ற ஒற்றைச் சொல்லை ஏற்றுக் கையெழுத்துப் போடக் கூடாது. வேலையை விவரமாக எழுதச் சொல்லுங்கள். கை என்ன செய்கிறது, கண் என்ன செய்கிறது, கற்க எத்தனை காலம், உடம்புக்கு என்ன கெடுதல் என்று வரிசையாக எழுதியபின் விலை பேசுங்கள். அந்தப் பட்டியலைச் சங்கமே தயார் செய்து கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது, மதிப்பூதியம், ஊக்கத்தொகை, பயிற்சித்தொகை என்று எந்தப் பெயரில் வந்தாலும், வேலை செய்தவருக்குக் கிடைப்பது கூலி. கூலிக்கு உள்ள எல்லாச் சட்ட உரிமையும் அதற்கு வேண்டும் என்று கோர வேண்டும். அங்கன்வாடிப் பெண்களின் கோரிக்கையை மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் தம் கோரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஆணும் பெண்ணும், ஊரும் சேரியும், தெற்கும் வடக்கும், பர்மனென்டும் கான்ட்ராக்டும் ஒரே வரிசையில் நின்று ஒரே வேலைக்கு ஒரே கூலி கேட்க வேண்டும். சங்கக் கூட்டத்தில் எவராவது ‘வெறும்’ என்றோ ‘சும்மா’ என்றோ இன்னொரு உழைப்பாளியைப் பற்றிச் சொன்னால் அங்கேயே நிறுத்தித் திருத்த வேண்டும்.

நம் பாட்டன்மார் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். முதுகில் சவுக்குத் தழும்பு சுமந்தவர்கள். ஆனாலும் மரக்காலைத் தூக்கிப் பார்த்து, “இது கள்ள அளவு, முத்திரை போட்டதைக் கொண்டுவா!” என்று களத்தின் நடுவே கேட்டார்கள். நமக்கு எழுத்து இருக்கிறது, சங்கம் இருக்கிறது, அவர்கள் சாதித்துக் காட்டிய வழியும் இருக்கிறது. நமக்கு முன்னால் நீட்டப்படும் ஒவ்வொரு சொல்லையும் தூக்கிப் பார்ப்போம். கள்ளச் சொல்லானால் திருப்பிக் கொடுப்போம். முத்திரைச் சொல் கேட்போம். ‘தொழிலாளி’ என்ற சொல்லைவிடப் பெரிய பட்டம் நமக்கு வேண்டாம். அதற்குக் குறைந்த எந்தப் பெயரையும் ஏற்க மாட்டோம்!